ஆன்லைனில் பணம் போனால்: சைபர் போலீஸ் எப்படித் தேடுகிறது, நீங்கள் எதை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்

பணம் போனது தெரிந்ததும் நம்ம வேலூர்ப் பக்கத்தில் பலர் செய்வது இதுதான்: ஆத்திரத்தில் அந்த நம்பரை பிளாக் பண்ணுவார்கள், வீட்டில் திட்டு விழும் என்று சாட் எல்லாவற்றையும் அழிப்பார்கள், ஏமாற்றிய ஆப்பையும் போனிலிருந்து தூக்கிவிடுவார்கள். அப்புறம் ரெண்டு நாள் யோசித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போவார்கள். போலீஸ் எதை வைத்துத் தேடுமோ அதை நம் கையாலேயே அழித்துவிட்டுப் போகிறோம். தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள்.

முதல் வேலை, சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்கு போன். வங்கிக் கணக்கு எண், போன தொகை, நேரம், யுபிஐ என்றால் அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனியாக வரும் அடையாள எண்), இதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். நீங்கள் சொன்னது பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பதை அவர்கள் நிறுத்தி வைப்பார்கள், ஏற்கனவே வேறு கணக்குக்குப் போயிருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் தாண்டும். திருடுகிறவன் பணத்தை ஒரே இடத்தில் வைத்திருப்பதில்லை, சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி ஏடிஎம்மில் எடுத்துவிடுவான் அல்லது கிரிப்டோவாக மாற்றிவிடுவான், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினால் நிறுத்தி வைக்கப் பணமே இருக்காது. பேசி முடித்ததும் கிடைக்கும் ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரையும் அன்றைக்கே பதிந்துவிடுங்கள்.

எந்த ஸ்டேஷன் என்பதில் இங்கே குழப்பம் உண்டு. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் குடியாத்தம், காட்பாடி, பேர்ணாம்பட்டு வேலூரோடு இருக்கின்றன, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டன, ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கு. மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. ஆனாலும் எல்லை எங்களது இல்லை என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது: பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிந்தாக வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பத்துக்கும் இதேதான், ஊர் திரும்பும் வரை அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. அப்படி யாராவது உங்களிடம் வந்து கேட்டால் 1930-ஐ நீங்களே போட்டுக் கொடுங்கள். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) அல்லது எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். ஐ.டி. சட்டக் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) குற்றத்தை விசாரிக்க வேண்டியவர் இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேலானவர், அது அந்தச் சட்டத்தின் 78-வது பிரிவு.

சரி, போலீஸ் எப்படித் தேடுகிறது? ஒரு பக்கம் பணத்தின் பின்னால் போவார்கள், இன்னொரு பக்கம் நம்பரின் பின்னால். பணம் போன கணக்கு யார் பெயரில், எந்த மொபைல் எண்ணோடு இருக்கிறது, எந்த ஏடிஎம்மில் எடுத்தார்கள் என்று வங்கியிடம் எழுதிக் கேட்பார்கள். ஏடிஎம் கேமரா பதிவு காலம் பூராவும் இருக்காது, பழையதன் மேல் புதியது பதிந்துவிடும். நம்பரின் பக்கம் போனால் சிம் யார் பெயரில், எந்த டவரில் இருந்தது, எந்த ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கொண்ட போனில் ஓடியது என்பதெல்லாம் தொலைபேசி நிறுவனத்திடம் கிடைக்கும். இந்த ஐஎம்இஐ-தான் பல வழக்குகளில் கை கொடுக்கிறது, ஏனென்றால் சிம்மை அடிக்கடி மாற்றுகிறவர்கள் போனை அவ்வளவு சுலபமாக மாற்றுவதில்லை, ஒரே போனில் போட்ட பத்து சிம்மும் ஒரே ஆளிடம் கொண்டுபோய் விடும்.

ஐபி முகவரி, அதாவது இணையத்தில் இணையும்போது கிடைக்கும் எண், அந்த விஷயத்தை எல்லாரும் சினிமா பார்த்துத் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். ஐபி கிடைத்ததும் வீட்டுக் கதவு எண் வந்துவிடாது. மொபைல் டேட்டாவில் ஒரே பொது ஐபியை ஒரே நேரத்தில் ஏராளமானோர் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள், அதனால் அந்தப் பகிர்வில் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் சேர்ந்து இருந்தால்தான் ஆளைப் பிரித்தெடுக்க முடியும். அந்த நேரமும் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் வரும், அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். அதைக் கூட்டாமல் கேட்டால் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக்குப் போலீஸ் போய் நிற்கும். அதனால் நீங்கள் எழுதும் புகாரில் "சாயந்திரம்" என்று எழுதாதீர்கள், மாலை 6.42 என்று எழுதுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகள் இரு முனைகளிலும் பூட்டப்பட்டவை, அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று நிறுவனமே கொடுக்க முடியாது. அப்படியானால் போலீஸ் கைக்கு எட்டும் நகல் பெரும்பாலும் உங்கள் போனில் இருப்பதுதான். டெலிகிராமில் எதிராளி நினைத்தால் உங்கள் பக்கத்திலும் சேர்த்து அழித்துவிடலாம், ஆகவே உடனே மேலிருந்து கீழ் வரை ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்றால் பெயரை மட்டும் குறித்தால் போதாது, நாளைக்கே மாற்றிவிடுவான், அந்தப் பக்கத்தின் முழு முகவரியையும் நகலெடுத்து வையுங்கள். மின்னஞ்சலை ஃபார்வர்ட் செய்து கொடுக்காதீர்கள், அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் அசல் தலைப்பு விவரங்கள் போய்விடும், ஜிமெயிலில் அசலைக் காட்டும் வசதி இருக்கிறது, அதிலிருந்து இறக்கிக் கொடுங்கள். கணக்கையே அழித்தாலும் அந்த விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு ஐ.டி. விதிகள் சமூக வலைதள நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. ஆறு மாதம் கழித்துப் புகார் கொடுத்தால் அங்கே எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் கோர்ட்டில் செல்லுமா? சும்மா செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் இருக்க வேண்டும். ஹாஷ் என்பது அந்தக் கோப்பின் கைரேகை, உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் மதிப்பு முழுக்க மாறிவிடும். ஆய்வுக்கூடத்தில் ஹார்ட் டிஸ்க்கை நேரடியாகக் குடைய மாட்டார்கள், எதுவும் எழுதப்படாதபடி தடுக்கும் கருவியை வைத்து முழு நகல் எடுத்து, ஹாஷ் ஒத்துப் போகிறதா என்று பார்த்து, நகலில்தான் வேலை செய்வார்கள். உங்கள் போனையே கைப்பற்றினால் மகஜரில் (கைப்பற்றியதற்கு போலீஸ் எழுதும் பதிவு) ஐஎம்இஐ எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், அதையும் கேட்கலாம்.

இங்கே படிக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. ஒரு வாரத்துக்கு உன் அக்கவுண்டும் ஏடிஎம் கார்டும் கொடு, கமிஷன் தருகிறேன் என்று யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். திருட்டுப் பணம் முதலில் வந்து விழுவது இப்படி வாங்கிய கணக்குகளில்தான், பணத்தைத் தேடி வரும் போலீஸ் முதலில் தட்டுவதும் உங்கள் கதவைத்தான், அதுவும் வேறு மாநிலத்திலிருந்து வருவார்கள். விஷயமே தெரியாமல் யாரோ அனுப்பிய பணத்தால் உங்கள் கணக்கு முடங்கியிருந்தால் வங்கிக்குப் போய் எந்த மாநிலப் போலீஸ், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் அந்தப் பணம் எதற்காக வந்தது என்பதற்கான பில், சாட் எல்லாவற்றையும் இணைத்து அந்த விசாரணை அதிகாரிக்கு எழுதுங்கள். பணத்தைப் பறிகொடுத்தவர் நீங்கள் என்றால், வங்கியில் நிறுத்தி வைத்த தொகை பொதுவாக கோர்ட் உத்தரவு வாங்கிய பிறகுதான் கைக்கு வரும். மாஜிஸ்திரேட்டிடம் மனு போட எஃப்.ஐ.ஆர். நகல், 1930 ஒப்புகை எண், வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள், கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.