பறவைக்கும் தேனீக்கும் உழாமல் விதைக்கப் போகிறீர்களா? நடக்கும் தவறுகளைப் பார்த்துவிடுங்கள்

கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டதும், விவசாயி அல்லாதவர்களும் விளைநிலம் வாங்கலாம் என்றாகிவிட்டது. அன்று முதல் கனகபுரா சாலை, ஆனேக்கல், மாலூர், ஹொஸ்கோட்டே என்று பெங்களூரைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கிப் போட்ட தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே பல. அதில் சிலருக்கு ஒரு நல்ல ஆசை இருக்கிறது. நிலத்தின் ஒரு மூலையையாவது குருவிக்கும் தேனீக்கும் முயலுக்கும் என்று விதைத்து விட்டுவிட வேண்டும் என்று.

உடனே யூடியூபைத் திறக்கிறார்கள். அங்கே அமெரிக்காவில் மானுக்காகத் தீவனம் விதைக்கும் காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. நிலத்தை உழாமல், மண்ணை மூடிக் காக்கவென்றே வளர்த்த மூடுபயிரைப் படுக்க வைத்து, அந்த மெத்தைக்குள்ளேயே அடுத்த விதையைப் போடுகிறார்கள். மண் வெயிலில் காயாது, மழையில் கரையாது, மண்புழு கலையாது. முறை நல்ல முறைதான், நம் செம்மண்ணுக்கு மிகவும் தேவையானதும்கூட. ஆனால் அந்த ஊர் மண்ணுக்கும் பருவத்துக்கும் விலங்குக்கும் சொன்னதை அப்படியே ஹொஸ்கோட்டேயில் செய்தால் கையைச் சுடும். அங்கே எனக்கு 20 குண்டே, அதாவது அரை ஏக்கர், நிலம் இருக்கிறது. அதிலும் நண்பர்களின் நிலங்களிலும் இந்த ஐந்து வருடத்தில் பார்த்த தவறுகளை எழுதுகிறேன்.

யானை வழியில் பந்தி வைப்பது

இதை முதலில் சொல்லக் காரணம், மற்ற தவறுகளில் விதை வீணாகும், இதில் உயிர் போகும்.

அமெரிக்கத் தீவன நிலங்களில் பெரும்பாலானவை வேட்டைக்காரர்களுடையவை. மான் வந்து மேய வேண்டும், பிறகு அதைச் சுட வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதனால் 'பெரிய விலங்கு வர வேண்டும்' என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பன்னேர்கட்டா காட்டை ஒட்டிய ஆனேக்கல், கனகபுரா பக்கமும், எல்லை தாண்டினால் தளி, தேன்கனிக்கோட்டை பக்கமும் கேழ்வரகு முற்றும் நவம்பர், டிசம்பரில் யானைக் கூட்டம் இறங்கும். யானை மிதித்து ஆளும், மின்வேலியில் யானையும் சாகிற ஊர்கள் இவை. அங்கே நீங்கள் அன்போடு விதைத்த அரை ஏக்கர் கேழ்வரகை யானை தின்றுவிட்டு அதோடு திரும்பிப் போகாது. பக்கத்து நிலத்துக்காரரின் ஒரு வருடச் சாப்பாட்டுக்குள் நுழையும். அவர் ராத்திரி முழுக்கப் பரண் மேல் உட்கார்ந்து காவல் காப்பவர். நீங்களோ ஞாயிறு சாயங்காலம் பெங்களூருக்குக் கிளம்பிவிடுவீர்கள்.

காட்டுப் பக்கம் நிலம் இருந்தால் கேழ்வரகு, கரும்பு, வாழை, பலா எதுவும் இதற்காக வேண்டாம். கிழங்கும் நிலக்கடலையும் காட்டுப்பன்றியைக் கூப்பிடும். பூவுக்காக மட்டும் விதையுங்கள், சணப்பு, பேயெள்ளு (எள் போன்ற ஓர் எண்ணெய் வித்து), கடுகு போல. அதையும் ஊர்க்காரர்களிடமும் வனத்துறை ஆட்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பசிக்காத மாதத்தில் சாப்பாடு போடுவது

நண்பர் ஒருவர் ஜூனில் தினை விதைத்தார். செப்டம்பரில் நன்றாகக் கதிர் வாங்கியது. சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்தன, படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். அக்டோபரில் எல்லாம் முடிந்தது. பிப்ரவரியில் போய்ப் பார்த்தால் வெறும் தாள்தான் நின்றது. அவருக்கு மனசு கேட்கவில்லை, 'ஏன் ஒரு குருவியும் வரவில்லை' என்று என்னிடம் கேட்டார்.

மழைக்காலத்தில் காட்டுப் புல்லிலேயே விதை இருக்கிறது, பூச்சி இருக்கிறது. கேழ்வரகு அறுப்பு முடிந்து களத்துமேட்டில் சிந்தினது தீரும்வரை, அதாவது டிசம்பர் கடைசிவரை, பறவைகளுக்குப் பெரிய குறையில்லை. ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் மழை விழும்வரைதான் நிலம் காலியாகக் கிடக்கிறது. அந்த மாதங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால்தான் எதை எப்போது விதைப்பது என்று தெரியும்.

பெங்களூர் மழைக்கு இரண்டு முகம். மே மாதம் இடியோடு ஒரு சுற்று. ஜூன், ஜூலையில் கொஞ்சம் சோர்ந்து, ஆகஸ்டு முதல் அக்டோபர்வரை நல்ல மழை. இந்த இடைவெளி நமக்கு வசதி. மே மழையில் மூடுபயிராகச் சணப்பை விதைத்து விடலாம், ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ. ஜூலையில் அதைப் படுக்க வைத்து, ஜூலை கடைசி, ஆகஸ்டில் தினை, சாமை, கம்பு, பேயெள்ளு, துவரை, மொச்சை. செப்டம்பர் கடைசியில் எங்கெங்கே இடம் தெரிகிறதோ அங்கெல்லாம் கொள்ளு. இப்படிப் போட்டால் துவரையும் மொச்சையும் குளிர்காலம் முழுக்கப் பூத்துக் காய்க்கும், கொள்ளு ஜனவரிக்கு மேல் தரையில் உதிர்ந்து கிடக்கும்.

மொச்சையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஹெப்பாள் அவரை 3, 4 போன்ற ரகங்கள் (கன்னடத்தில் மொச்சையைத்தான் அவரை என்கிறார்கள்) எந்தப் பருவத்தில் போட்டாலும் சீக்கிரம் பூத்துக் காய்த்து முடிந்துவிடும். சந்தைக்கு விளைவிப்பவருக்கு அது பெரிய வரம். நமக்கு வேண்டியது நாட்டு ரகம். பகல் குறைந்தால்தான் அது பூக்கும், டிசம்பர் பனியில் காய்க்கும். பெங்களூர்க்காரர்கள் 'சொகடு' என்று முகர்ந்து பார்த்து வாங்கும் அந்த வாசம் உள்ள காய். அந்தப் பூ இருக்கும் வரைக்கும் தேனீக்குப் பஞ்சமில்லை.

உழாமை என்றால் முதல் நாளிலிருந்தே உழாமை என்று நினைப்பது

எங்கள் நிலத்தில் முதல் வருடம் தோற்றது இதனால்தான். வாங்கும்போதே அருகம்புல்லும் கோரையும் பின்னிக் கிடந்தன. அதன் மேலேயே விதைத்தேன். முளைத்ததில் பத்தில் ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. எவ்வளவு மூடாக்குப் போட்டாலும் கோரை அதைக் குத்திக்கொண்டு மேலே வரும்.

அமெரிக்கக் காணொளிகளில் இந்த இடத்தில் கிளைபோசேட் தெளித்துவிடுவார்கள். இங்கே 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், குருவிக்கு உணவு வைக்கும் இடத்தில் அதைத் தெளிக்க எனக்கு மனம் வராது.

ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய பெரியம்மா ஒருவர் கூலி வேலைக்கு வருவார். அவர்தான் வழி சொன்னார்: "ஏம்பா, ஒருதரம் கோடை உழவு போட்டுட்டு அப்புறமா உழாம இரு. இந்தக் கோரைக்கிழங்கு சித்திரை வெயில்ல காஞ்சாத்தான் சாகும்." சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்ற சொலவடை சும்மா வரவில்லை. ஈரமில்லாத மண்ணைப் புரட்டி வெயிலில் கிழங்கைக் காயப் போட்டால் பெரும்பகுதி போய்விடும். மழை பெய்த பிறகு உழுதால் நேர்மாறு, கிழங்கு துண்டாகிப் பெருகும். இடம் சிறிதாக இருந்தால் பழைய ஃபிளெக்ஸ் பேனரை வாங்கி, மார்ச் முதல் மே வரை நிலத்தில் விரித்துக் கல் வையுங்கள். அருகு நன்றாக அடங்கும்.

அந்த ஒரே உழவிலேயே இறுகிப்போன அடிமண்ணையும் உடைத்துவிடலாம். டிராக்டரும் டிப்பரும் ஓடிய லேஅவுட் நிலமாக இருந்தால் உளிக்கலப்பை போடச் சொல்லுங்கள். அதன் பிறகு துவரை வேரும் முள்ளங்கியும் அந்த வேலையைத் தொடரும்.

பார்த்தீனியம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள். அதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984-இல் பெங்களூரில்தான் முதலில் வெளியில் விடப்பட்டது. உங்கள் நிலத்தில் அது இருந்தால் கொல்லாதீர்கள்.

சணப்பைத் தப்பான நாளில் சாய்ப்பது

உழாத முறையின் உயிர் இந்த ஒரு நாளில் இருக்கிறது. பூ வரும் முன் சாய்த்தால் பயிர் நிமிர்ந்து எழுந்துவிடும், கம்பும் சோளமும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். காய் முற்றிய பின் சாய்த்தால் அதன் விதையே அடுத்த களை. தண்டும் நாராகிவிடும், பிறகு விதைக்கக் குச்சியே இறங்காது. பூ நன்றாக மலர்ந்து, பிஞ்சு பிடிக்கத் தொடங்கும் வாரம்தான் சரியான சமயம். விதைத்ததிலிருந்து சுமார் 45 முதல் 60 நாள். நாளை எண்ணுவதைவிடப் பூவைப் பார்ப்பது நல்லது.

சாய்ப்பதற்கு உருளை எந்திரம் வேண்டாம். ஒரு பலகையின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, கையால் தூக்கிக்கொண்டே காலால் மிதித்து முன்னேறினால் போதும். தண்டு அறுபடக் கூடாது, ஆனால் ஒவ்வொரு சாணுக்கும் நசுங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திசையில் சாயுங்கள். நாலு பக்கமும் சாய்ந்தால் விதைக்கும்போது படாதபாடு படுவீர்கள்.

ஒரு ஓரத்தில் நாலைந்து வரிசை சணப்பை அப்படியே நிற்க விடுங்கள். ப்ளூ டைகர், காமன் க்ரோ போன்ற பட்டாம்பூச்சிகள் சணப்பு இனத்தின் காய்ந்த, காயம்பட்ட பாகங்களில் மொய்த்து, அதிலுள்ள ஒரு காரப்பொருளை (ஆல்கலாய்டு) உறிஞ்சும். அதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு நஞ்சும், இணை சேர வாசமும். மலைக்கும் சமவெளிக்கும் இடையே அவை கூட்டமாக இடம் மாறும் காலத்தில் பெங்களூர் வழியாகவும் போகின்றன. அக்டோபரில் அந்த ஓரத்தில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்று, மூடுபயிரை ஒற்றைப் பயிராகப் போடாதீர்கள். சணப்பு மட்டும் என்றால் மூடாக்கு சீக்கிரம் மக்கிக் காணாமல் போகும், செப்டம்பரில் மண் வெளியே தெரியும். கம்பு மட்டும் என்றால் தாள் மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், அதற்குள் போட்ட தினை மஞ்சளடித்து நிற்கும். இரண்டையும் கலந்தால் இரண்டு பிரச்சினையும் குறையும். இந்தக் கலப்புக்கு வெளிநாட்டுப் பாடம் தேவையே இல்லை. கேழ்வரகுக்கு நடுவே மொச்சை, துவரை, பேயெள்ளு, சோளம் என்று சால் விட்டு விதைக்கும் 'அக்கடி சாலு' இந்த மண்ணின் பழைய வழக்கம். ஹொஸ்கோட்டே பக்கத்துப் பெரியவர்கள் கேட்டால் விளக்கமாகச் சொல்வார்கள்.

விதை விஷயத்தில் ஏமாறுவது

கடையில் வாங்கிய சூரியகாந்தி விதை ஒருமுறை ரோஸ் நிறத்தில் இருந்தது. 'நிறம் எதற்கு' என்று கேட்டதற்கு 'மருந்து கலந்தது சார், நல்லா முளைக்கும்' என்றார்கள். வாங்கி விதைத்த பிறகுதான் அந்த மருந்து என்னவென்று படித்தேன். சிவப்பு, ரோஸ், நீலம் என்று நிறமேற்றிய விதைகளில் பூஞ்சைக்கொல்லியோடு இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிக்கொல்லியும் இருக்கக்கூடும். உழாத நிலத்தில் விதை மேலாகவே கிடக்கும், சிறு குருவி சாக அப்படிப்பட்ட விதை சிலவே போதும். அது செடிக்குள்ளும் ஏறிப் பூந்தேனில் இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோப்ரிடையும் அதன் இனத்து வேறு இரண்டு மருந்துகளையும் தேனீக்காக 2018-இல் திறந்தவெளிப் பயிருக்குத் தடை செய்தது. பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள். நாட்டு விதை வைத்திருக்கும் விவசாயியிடம் வாங்குவதே நிம்மதி.

மளிகைக் கடையில் வாங்கும் தினையும் சாமையும் உமி நீக்கிய அரிசி, முளைக்காது. உமியோடு கேட்டு வாங்க வேண்டும். கேழ்வரகு, கம்பு, கொள்ளு கடைச் சரக்கே முளைக்கும், ஆனால் பத்து விதையை ஈரத்துணியில் கட்டிச் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம், மூடாக்கின் மேல் வீசிவிட்டு வந்துவிடக் கூடாது. விதை மண்ணைத் தொட வேண்டும். பெரிய விதையைக் குச்சியால் துளையிட்டு ஒரு விரல்கடை ஆழத்தில் போட்டு மிதியுங்கள். தினை, சாமையைச் சணப்பு நிற்கும்போதே வீசி, அதன் மேல் சணப்பைச் சாய்த்துவிடுங்கள். உழுத நிலத்துக்குச் சொல்லும் அளவைவிட ஒன்றரை மடங்கு போடுங்கள், எறும்பு தன் பங்கைத் தூக்கிக்கொண்டு போகும். பயறு வகை விதையை ரைசோபியத்தோடு (பயறு வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) ஆறிய அரிசிக் கஞ்சியில் பிசறி, நிழலில் உலர்த்தி விதைத்தால், அந்த இனமே பயிராகாத தரிசில் நல்ல வித்தியாசம் தெரியும்.

ஜனவரியில் சுத்தம் செய்வது

கதிர் காய்ந்ததும் நிலம் அசிங்கமாகத் தெரிகிறது என்று அறுத்து ஓரமாகக் குவித்துத் தீ வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காய்ந்த நிலம்தான் கௌதாரிக்கும் காடைக்கும் முயலுக்கும் வீடு. பேயெள்ளுத் தலைகளை அப்படியே நிற்க விடுங்கள். அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் குருவிக்குத் தொங்கவிடுவதும் இதே பேயெள்ளுதான். இங்கிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் கப்பலேறிப் போகிறது. களை பரவிவிடாமல் இருக்க அதைச் சூடேற்றித்தான் அங்கே விடுகிறார்கள்.

ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் பக்கத்து வரப்பில் யாராவது வைத்த நெருப்பு உள்ளே வந்தால் எல்லாம் ஒரே மணி நேரம். ஜனவரியிலேயே நாலு பக்கமும் ஆறேழு அடி அகலத்துக்குச் செதுக்கிவிடுங்கள். உள்ளே ஒரு மண்தொட்டியில் தண்ணீர் வையுங்கள், வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர் என்றால் பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லி ஊற்ற வையுங்கள். சரி, மார்ச் முடியும்போது நாட்டு மொச்சையில் நன்றாக முற்றிய காயாகப் பார்த்து ஒரு கூடை பறித்து, சாம்பல் கலந்து பானையில் போட்டு வையுங்கள். சணப்பு விதை வேண்டும் என்றும் அப்போதே சொல்லி வையுங்கள், மே மாதம் மழை விழுந்த பிறகு தேடினால் கிடைக்காது.