இசைக்கலைஞர் வெளியீட்டாளராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் திருவிழா மேடைகளில் பதினான்கு ஆண்டுகள் கீபோர்ட் வாசித்தேன். மிஞ்சியது கடன்தான். இப்போது கல்லடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பிறருடைய பாடல்களைப் பதிவுசெய்து வெளியிடுகிறேன். இதே எண்ணத்தோடு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் தவறு, வாய்ப்பேச்சை நம்புவது. "நம் பிள்ளைகள்தானே, எழுத்து எதற்கு?" என்றுதான் நானும் தொடங்கினேன். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று. ஒலிப்பதிவுக்குக் காசு போட்டதால் மெட்டு உங்களுடையதாகிவிடாது. நம் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இயற்றியவரின் பொருளாதார உரிமை அவரது வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிற்கும். அதைக் கைமாற்ற இரு தரப்பும் கையெழுத்திட்ட பத்திரம் வேண்டும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து வந்து பாடிய தங்கை ஒருத்தி, எட்டு மாதம் கழித்து, "அண்ணா, என் பங்கு எவ்வளவு?" என்று கேட்டாள். காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. மேடைக் கூலிக்காக இரவு இரண்டு மணிவரை ஒலிபெருக்கிப் பெட்டிமேல் காத்துக்கிடந்தவன் நான். அதே இடத்தில் அவளை நிறுத்திவிட்டேனே என்று அன்று தூக்கம் வரவில்லை. இப்போது மைக்கைத் தொடும் முன்பே எழுதிவிடுகிறோம்: வரி யாருடையது, மெட்டு யாருடையது, செலவு கழிந்தபின் யாருக்கு எத்தனை வீதம், கணக்கு எந்த மாதம். மத்தளக்காரரின் பெயரும் அதில் உண்டு.

கூத்துப் பாட்டில் நடப்பது இதைவிடப் பாரதூரமானது. வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்து மெட்டுகளும் கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமார் வாய்வழியாக வந்தவை. அப்படி ஒன்றைப் பதிவுசெய்து அதே ஒலி வேறு காணொளியில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப்பின் கண்டென்ட் ஐடியில் ஏற்றினால், பக்கத்து ஊர்க் கூத்துக் களரியில் எடுத்த காணொளிமீதும் உரிமைகோரல் விழலாம். பொதுச்சொத்தை அதில் சேர்க்க யூடியூப்பே இடம்கொடுப்பதில்லை. பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 1947இல் யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். அந்த மண்ணிலிருந்துகொண்டு பாட்டன் மெட்டுக்குத் தன் பெயரைப் போடுவதை என்னால் பொறுக்க முடியாது.

இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையின் வருமானத்தை நம்பி வாடகை பேசாதீர்கள். 12 மாதத்தில் ஒரு பாட்டு 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால், 2024 முதல் அந்தப் பதிவுக்கு அங்கே பங்கே கிடையாது.

கடைசியாக, தன் ரசனையை ஊரின் ரசனை என்று எண்ணுவது. அமெரிக்காவின் டெட்ராயிட்டில் பெரி கோர்டி முதலில் ஜாஸ் இசைத்தட்டுக் கடை வைத்தார். வந்தவர்கள் ப்ளூஸ் கேட்டார்கள். கடை மூடப்பட்டது. பாட்டெழுதிக்கொண்டிருந்த அவர், 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்றுத் தொடங்கியதுதான் பின்னர் மோட்டவுன் என்ற புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனம் ஆனது.

என் குறை வேறு. எந்தப் பாட்டிலும் கீபோர்டைச் சேர்க்கக் கை பரபரக்கும். சென்ற மாதம் ஒரு தாலாட்டில் நான் வாசித்த தடங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். நான்காவதும் அடங்கியபோது, அடிக்கு அடி பாடியவள் மூச்சு வாங்குவது கேட்டது. அப்படியே வெளியிட்டோம்.