ஏ.ஏ. கூட்டத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்தைத் தேடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், டாக்டரைப் பார்க்காமல் ஒரேயடியாகக் குடியை நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாத பிதற்றல், உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவது, காய்ச்சல் என்று முற்றலாம். இது உயிரையே எடுக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, போதை மீட்பு மையத்திலோ முதலில் காட்டுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள், மாத்திரையின் அளவு அதை வைத்துத்தான் முடிவாகும். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் 108.

இனி கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதைத்தான் எல்லோரும் ஏ.ஏ. என்கிறார்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் பேசிக்கொண்டதில் தொடங்கியது இது. குடித்தவன் குடித்தவனிடம் மனம் திறப்பது, இன்றைக்கும் வேலை செய்வது அதுதான். கட்டணம் இல்லை, சேர்க்கைப் படிவம் இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி.

உங்கள் ஊர்க் கூட்டத்தைக் கண்டுபிடிக்க ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்தைப் பாருங்கள். போதை மீட்புக்கான கட்டணமில்லா தேசிய உதவி எண் 14446இலும் வழி கேட்கலாம். பெரும்பாலும் வேகமாகப் பதில் கிடைப்பது மனநலப் பிரிவின் சமூகப் பணியாளரிடம்தான். பழைய பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. அப்படித் திரும்பும் வழியிலேயே டாஸ்மாக்கும் இருக்கும். அதனால் அன்று காலையே போன் செய்து நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: இன்று கூட்டம் உண்டா, எத்தனை மணிக்கு, தமிழில் பேசுவார்களா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா. திறந்த கூட்டத்துக்கு மனைவியோ அண்ணனோ கூட வரலாம். மூடியது குடிநோயாளிகளுக்கு மட்டும். சர்ச் வளாகத்தில் நடந்தால் மதக் கூட்டம் என்று எண்ண வேண்டாம், இடம் மட்டும்தான் அவர்களுடையது.

மாலைக் கூட்டம் என்றால் ஐந்து மணிக்கே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில்தான் ஆசை அதிகம் தலைதூக்கும். கடை வழியில் வராதபடி பஸ்ஸை மாற்றிப் பிடியுங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போனால் இரண்டு பேராவது கை கொடுப்பார்கள். தாமதமாகப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் எழுந்து வர நேரும்.

கூட்டம் சுமார் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் தலைமை ஏற்பார். சிறு பிரார்த்தனையும் வாசிப்பும் இருக்கும். பிறகு ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கித் தம் அனுபவத்தைப் பேசுவார்கள். நடுவில் குறுக்கிடுவதோ புத்தி சொல்வதோ கிடையாது. உங்கள் முறை வரும்போது 'இன்று கேட்க மட்டும் வந்தேன்' என்றால் போதும். முழுப்பெயர், வேலை, ஊர் எதுவும் சொல்லத் தேவையில்லை. அங்கே கேட்டதை வெளியில் பேசவும் கூடாது. கடைசியில் வரும் உண்டியலில் புதியவர் காசு போட வேண்டியதில்லை. டீ குடிக்கும் அந்தக் கால் மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள், இரண்டு மூன்று போன் நம்பராவது கைக்கு வருவது அப்போதுதான். ஆசை எழும்போது கூப்பிட வேண்டிய எண்கள் அவை, முதல் கிளாஸுக்கு முன்னால்.

முதல் கூட்டத்தில் பலருக்கும் ஒரு நினைப்பு ஓடும்: 'நான் இவர்கள் அளவுக்குக் குடிக்கவில்லையே.' யார் எவ்வளவு குடித்தார், எதை இழந்தார் என்ற கணக்கை விட்டுவிட்டு, குடிப்பதற்கு முந்தைய நேரத்தில் அவர் மனம் என்ன சொன்னது என்பதைக் கேளுங்கள். அங்கே ஒற்றுமை தெரியும். ஒரு குழு ஒத்துவரவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். குறைந்தது ஆறு கூட்டமாவது பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 90 நாளில் 90 கூட்டம் என்று பழைய மெம்பர்கள் சொல்வது கடினம்தான். சிற்றூரில் இருப்பவர் வாரம் ஒரு நேரடிக் கூட்டம், மற்ற நாட்களில் இணையவழிக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சில வாரங்களில், உங்களுக்குத் துணையாக வழிகாட்டும் ஸ்பான்சராக இருக்கும்படி பழைய மெம்பர் ஒருவரைக் கேளுங்கள். ஓராண்டுக்கு மேல் குடிக்காதவராக, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்ணாக இருப்பது நல்லது. அவரிடம் கடன் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். பணம் நுழைந்தால் உண்மை பேசுவது நின்றுவிடும். டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்ல எந்த மெம்பருக்கும் உரிமை இல்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. குடிப்பவர் வர மறுத்தாலும் அவர்கள் போகலாம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குடியை நிறுத்தும் மாத்திரை என்று சாம்பாரில் தெரியாமல் கலக்காதீர்கள். அப்படிப்பட்ட மாத்திரையான டைசல்ஃபிராம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால், வெட்கத்தில் அடுத்த கூட்டத்தைத் தவிர்க்கத் தோன்றும். அன்றே ஸ்பான்சருக்குப் போன் செய்யுங்கள். சில நாட்கள் தொடர்ந்து குடித்திருந்தால் முன்போலவே முதலில் டாக்டர், பிறகு கூட்டம்.