சளி பிடித்த பிள்ளைக்குப் பாலை நிறுத்துமுன்

ஐப்பசி மழை தொடங்கியதும் சளி பிடிக்கும் என்ற பயத்தில் பல வீடுகளில் முதலில் தயிர் நிற்கும், அடுத்து பால். சின்ன வயதில் தயிர்சாதம் மறுக்கப்பட்டவர்கள்தான் இன்று தங்கள் பிள்ளைக்கும் அதையே மறுக்கிறார்கள். ஐஸ்கிரீம் சண்டையை விட்டுவிடுவோம். அது நின்றால் பிள்ளைக்குப் பெரிய நஷ்டம் எதுவுமில்லை.

நேற்றைய தயிர் மேல் பழி போடுவது

சளி வைரஸால் வருகிறது. ரைனோவைரஸில் மட்டும் நூறு வகைக்கு மேல் உண்டு. உள்ளே நுழைந்த வைரஸ் மூக்கொழுகலாக வெளிப்படப் பெரும்பாலும் 1 முதல் 3 நாள் ஆகும். ஞாயிறு மதியம் தயிர்சாதம், திங்கள் காலை தும்மல் என்றால், வெள்ளிக்கிழமை வகுப்பறையிலேயே அது தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். தயிர் சாப்பிட்டும் சளி பிடிக்காத ஞாயிறுகளை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

தொண்டையில் ஒட்டுவதைச் சளி என்று நினைப்பது

பால் எச்சிலோடு கலந்து கொஞ்ச நேரம் கெட்டியாக நிற்கும். அந்த வழவழப்பைத்தான் சளி என்கிறோம். ஒரு வாய் வெந்நீர் குடித்தால் போய்விடும்.

இதை எடை போட்டே பார்த்திருக்கிறார்கள். 1990-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 60 பேருக்கு ரைனோவைரஸைச் செலுத்தி, மூக்குச் சளியை நாள்தோறும் எடை போட்டார்கள். பாலே குடிக்காதவர் முதல் நாளுக்கு 11 கிளாஸ் குடித்தவர் வரை அதில் இருந்தார்கள். பாலின் அளவுக்கும் சளியின் எடைக்கும் தொடர்பே தென்படவில்லை. ‘பால் சளியைக் கூட்டும்’ என்று நம்பியவர்கள் மட்டும் இருமலும் அடைப்பும் அதிகம் என்றார்கள். தராசில் அவர்களுடைய சளியும் கூடுதலாக இல்லை.

நிறுத்திவிட்டு, திரும்பத் தொடங்காமலே இருப்பது

எரிச்சலூட்டுவது இதுதான். சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் நீடிக்கும். ஒவ்வொரு முறையும் பாலை நிறுத்தினால், ஆண்டில் சுமார் ஒன்றரை முதல் இரண்டரை மாதம் வரை பால் இல்லை. ‘பனி போகட்டும்’ என்று தள்ளிப்போடும் நாட்கள் தனி.

4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு. 200 மில்லி பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. இரண்டு தம்ளரை நிறுத்திவிட்டு ரசஞ்சாதமும் ரஸ்க்கும் கொடுத்தால் அது ஈடாகாது. கேழ்வரகு நல்ல மாற்றுதான். ஆனால் ஒரு தம்ளர் பாலுக்கு ஈடுகட்ட 70 கிராம் மாவு வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை அவ்வளவு கஞ்சி குடிக்காது. வாய் கசந்து கிடக்கும்போது மறுக்காமல் இறங்குவது பல பிள்ளைகளுக்குத் தயிர்சாதம்தான். அதைத்தான் பிடுங்கிவிடுகிறோம்.

‘பாலை நிறுத்தியதும் சரியாயிற்று’ என்பார்கள். சாதாரணச் சளி ஒன்றரை வாரத்தில் தானாகவே வடியும். இந்த நம்பிக்கையால் வேறொன்றும் தள்ளிப்போகிறது: இரவெல்லாம் இருமல், வீசிங், வாயைத் திறந்து குறட்டை விடுவது இவையெல்லாம் ஆஸ்துமா, அலர்ஜி, அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீக்கம் என்று பரிசோதிக்க வேண்டியவை. பாலைக் குறை சொல்லிக்கொண்டே வருஷம் ஓடிவிடும்.

வழக்கமான அளவையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஃப்ரிட்ஜ் தயிரை அரைமணி முன்பே வெளியே எடுத்துவைக்கலாம், மோராகவும் கரைக்கலாம்.

பால் அலர்ஜி வேறு சங்கதி. குடித்த சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, வீசிங் வந்தால் பாலை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காவிட்டால் அது வயிற்றைப் படுத்தும். மூக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாலூட்டும் தாய்க்குத் தயிரைத் தடுப்பது

தாய் சாப்பிட்ட தயிர் பிள்ளைக்குச் சளி தராது. சளி என்று தாய்ப்பாலை நிறுத்தவும் கூடாது.

ஒரு வயதுக்குள் தேன்

மஞ்சள் பாலில்கூட வேண்டாம். போட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம்.

மாத்திரையைப் பாலோடு விழுங்குவது

பாலுக்கு உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் இது. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கால்சியம் பிடித்துவைத்துக்கொள்ளும், மருந்து உடலில் சரியாகச் சேராது. குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மூக்குச் சளி பச்சையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். அந்த நிறம் வெள்ளணுக்களின் நொதியால் வருவது.

மூச்சை எண்ணாமல் விடுவது

பிள்ளை அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, அதற்குமேல் 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையையோ அதற்கு மேலோ தொட்டாலும், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்கவே முடியாமல் போனாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.