ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசிடர் நின்றுபோனால்: எஞ்சின், இக்னிஷன் கோளாறுகளைக் கண்டறியும் முறை

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டு வரை தயாரான அம்பாசிடர் கார்களில், 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்டவற்றை இன்றும் ஆசையோடு வைத்து ஓட்டுகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோடு இங்கே வந்த பி-சீரிஸ் எஞ்சின் அது. எளிய அமைப்பு கொண்டது. ஆகவே, பொறுமையாகத் தேடினால் அதில் வரும் கோளாறு எதுவும் கைக்குச் சிக்காமல் போகாது. டீசல் வண்டிகளுக்கும் பிற்காலத்து இசுசு எஞ்சின் வண்டிகளுக்கும் இது பொருந்தாது. பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்கள் முறையை அப்படியே பின்பற்றலாம், ஆனால் இடைவெளி அளவுகளை அந்த வண்டிக்குரிய கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி வழியில் நின்றவுடன், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டரின் திருகுகளில் கை வைப்பது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். நேற்று வரை சரியாக ஓடிய எஞ்சினின் திருகு தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெட்ரோல் கோளாறு என்று முடிவுகட்டிக் கார்ப்பரேட்டரைக் கழற்றிய பல வண்டிகளில் உண்மையான குற்றவாளி கண்டன்சர் என்னும் சிறிய மின்தேக்கியோ ஒரு தேய்ந்த ஒயரோதான். முதலில் அறிய வேண்டியது ஒன்றே: எஞ்சின் நின்ற அந்த நேரத்தில் இல்லாமல் போனது மின்பொறியா, பெட்ரோலா?

எப்படி நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சீராக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் ஒரே கணத்தில் அடங்கினால், மின்பொறியை உண்டாக்கும் அமைப்பான இக்னிஷனைச் சந்தேகிக்க வேண்டும். இழுவை குறைந்து, தயங்கி, ஆக்சிலேட்டரை மிதித்தும் எழாமல், சில நூறு மீட்டர் தள்ளாடிய பிறகு நின்றால் பெட்ரோல் வரத்தைச் சந்தேகிக்க வேண்டும். பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் துண்டித்துத் துண்டித்து ஓடினால் ஏதோ ஒரு மின் இணைப்பு தளர்ந்திருக்கிறது. சிக்னலில் மட்டும் நின்று, வேகத்தில் நன்றாக ஓடினால் ஐடிலிங் ஜெட்டையோ (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது பெட்ரோல் தரும் சிறு துளை) காற்றுக் கசிவையோ பார்க்கலாம். வண்டி நின்ற பிறகு, சாவியை அணைக்கும் முன், டாஷ்போர்டில் சார்ஜிங் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது அவசியம். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்ட நிலையில் அது எரிந்தாக வேண்டும். எரியாவிட்டால், பல்பு நன்றாக இருக்கும் பட்சத்தில், பேட்டரியிலிருந்து இக்னிஷன் சுவிட்ச் வழியாக வரும் மின்சாரமே எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள்.

சூடாகி நிற்கும் வண்டிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. வெயிலில் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடி நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும் வண்டியை ‘வேப்பர் லாக்’ (சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வரத்து தடைபடுவது) என்று சொல்லி எல்லாரும் கைகழுவிவிடுகிறார்கள். சூட்டில் கெடும் கண்டன்சரும், சூட்டில் உட்சுற்று விட்டுப்போகும் காயிலும் (பேட்டரி மின்சாரத்தை உயர் அழுத்தமாக மாற்றும் பாகம்) அச்சு அசலாக இதே நடத்தையைக் காட்டும். ஆறிய பிறகு சோதித்தால் இரண்டுமே சரியாக இருப்பதாகத்தான் தெரியும். எனவே சோதனையை வண்டி நின்ற இடத்திலேயே, சூடு இறங்கும் முன் செய்ய வேண்டும்.

மின்பொறியைப் பார்ப்பது

வண்டியை ஓரமாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட வேண்டும். தொங்கும் துண்டு, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. காயிலிலிருந்து வரும் உயர் அழுத்த மின்சாரம் பல ஆயிரம் வோல்ட் கொண்டது என்பதால், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தாலோ எங்காவது ஒழுகியிருந்தாலோ, அதைத் துடைத்து, வாடை போன பிறகே பொறியைச் சோதிக்க வேண்டும்.

எஞ்சினின் ஒரு பக்கத்தில், உயர் அழுத்த மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் கார்ப்பரேட்டரும் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் வந்து சேரும் தடித்த ஒயரைப் பிடுங்கி, அதன் முனையில் ஓர் உபரி ஸ்பார்க் பிளக்கைச் செருகி, பிளக்கின் உலோக உடல் எஞ்சின் பிளாக்கைத் தொடும்படி வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்ல வேண்டும். நீல நிறத்தில், தடிப்பாக, ‘சட் சட்’ என்று கேட்கும்படி பொறி வந்தால் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின் தொடுமுனை), கண்டன்சர், காயில் மூன்றும் அந்த நேரத்தில் வேலை செய்கின்றன. மஞ்சளாக, நூல்போல மெலிந்து வந்தால் கண்டன்சர், காயில் அல்லது பாயிண்ட் பலவீனமாக இருக்கிறது. பொறியே வராவிட்டால் குறைந்த அழுத்தப் பகுதிக்குப் போக வேண்டும்.

அங்கே 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் ஒன்று போதும். சாவியைப் போட்டு, காயிலுக்கு சுவிட்சிலிருந்து மின்சாரம் வரும் முனையில் விளக்கை வைத்தால் எரிய வேண்டும். எரியாவிட்டால் சுவிட்ச் அல்லது ஒயர் கோளாறு. பேட்டரியிலிருந்து இந்த முனைக்கு ஒரு தற்காலிக ஒயர் கொடுத்தால் வண்டி ஓடும், ஆனால் அந்த ஒயரைக் கழற்றும் வரை சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அடுத்து, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் முனையில் விளக்கை வைத்து எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது விளக்கு எரியும், மூடும்போது அணையும். இப்படி மாறி மாறி வந்தால் நல்லது. எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது முகத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கிறது, அல்லது உள்ளே ஒயரோ எர்த்தோ (வண்டியின் உலோக உடலோடு சேரும் இணைப்பு) அறுந்திருக்கிறது. எப்போதும் எரியாமலே இருந்தால் பெரும்பாலும் மின்சாரம் எங்கோ எர்த்துக்கு ஓடுகிறது. அதற்குக் காரணம் கண்டன்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆனதாக இருக்கலாம், அல்லது பாயிண்ட் மாற்றியவர் ஃபைபர் வாஷரை இடம் மாற்றிப் போட்டதாக இருக்கலாம். இந்த இரண்டாவது காரணம், ‘புதுப் பாயிண்ட் போட்ட மறுகணமே வண்டி செத்துவிட்டது’ என்று சொல்லப்படும் இடங்களில் அடிக்கடி அகப்படுகிறது.

பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நீண்ட நேரம் போட்டு வைக்கக் கூடாது. காயில் தேவையில்லாமல் சூடேறி, புதிதாக ஒரு கோளாறு பிறந்துவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், நடுவில் ஸ்பிரிங்கோடு கூடிய கரித்துண்டு ஒன்று தெரியும். அது உடையாமல், விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும். உட்சுவரில் பென்சிலால் கிறுக்கியதுபோல மெல்லிய கருங்கோடு ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடியிருந்தால் மின்சாரம் அந்த வழியே கசிகிறது. துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோத்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். பாயிண்டின் குதிகால் (கேமில் உரசும் பகுதி), சுழலும் தண்டிலுள்ள கேமின் மிக உயர்ந்த மேட்டில் நிற்கும்போதுதான் ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகட்டை நுழைத்து அளக்க வேண்டும். குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து, டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கி, எஞ்சின் இழுவை இழந்து சூடேறும். ஆகவே கேமில் மிகச் சிறிதளவு கிரீஸ் தடவுவது அவசியம். அதிகம் தடவினால் அது தெறித்துப் பாயிண்ட் முகத்தில் படியும். நான்கு மேடுகளிலும் இடைவெளி நான்கு விதமாக வந்தால், தண்டின் உச்சியில் சுழலும் ரோட்டாரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். தண்டு ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் எத்தனை முறை பாயிண்ட் மாற்றினாலும் ஐடிலிங் நிலைக்காது.

இனி, எளிதில் கண்ணில் படாத ஒரு கோளாறு. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கச் சுவரிலிருந்து பாயிண்டுக்குச் செல்லும் சிறிய, வளையும் ஒயர் ஒன்று உண்டு. வேக்வம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சு விசையால் பொறி நேரத்தை முன்தள்ளும் அமைப்பு) இழுக்கும்போதெல்லாம் அடித்தட்டு சிறிது சுழல்வதால் இந்த ஒயர் வளைந்து நிமிர்ந்து, நாளடைவில் உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பிழைகள் மட்டும் அறுந்துபோகும். கண்ணுக்கு நல்ல ஒயராகத் தெரியும். ஆனால் ஆக்சிலேட்டரின் ஒரு குறிப்பிட்ட நிலையில் எஞ்சின் வெட்டும், காலை எடுத்தால் மீளும். எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, வேக்வம் குழாயைக் கார்ப்பரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினால் தட்டு சுழலும். அப்போது எஞ்சின் வெட்டினாலோ நின்றாலோ இந்த ஒயரையோ, அடித்தட்டை உடலோடு இணைக்கும் எர்த் ஒயரையோ சந்தேகிக்கலாம். மாற்றும்போது பல மெல்லிய இழைகள் கொண்ட மிருதுவான ஒயரையே பயன்படுத்த வேண்டும். வீட்டு வயரிங்கில் போடும் விறைப்பான ஒயர் சீக்கிரமே அறும்.

ரோட்டாரும் இப்படியே ஏமாற்றக்கூடியது. மேலே பித்தளையைப் பிடித்திருக்கும் ரிவிட் வழியாக மின்சாரம் பிளாஸ்டிக்கைத் துளைத்துத் தண்டுக்குள் இறங்கிவிட்டால், காயிலில் பொறி நன்றாக இருந்தும் பிளக்கில் ஒன்றும் வராது. மூடியைக் கழற்றிய நிலையில், சாவியைப் போட்டு, காயில் ஒயரின் முனையை ரோட்டாரின் நடுப் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே பிடித்து (நன்கு காப்பிடப்பட்ட இடுக்கியால்), பாயிண்டை மரக்குச்சியால் திறந்து மூட வேண்டும். ரோட்டாருக்குப் பொறி பாய்ந்தால் அது கெட்டுவிட்டது. நல்ல ரோட்டாரில் பொறி பாய வழியே இல்லை.

கண்டன்சரைப் பொறுத்தவரை மாற்றிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பாயிண்டில் பளிச்சென்று வெண்ணீலப் பொறி பறப்பதும், அதன் முகம் விரைவில் கருகுவதும் அது பலவீனமானதற்கு அடையாளம். பழையதன் இணைப்பை எடுத்துவிட்டு, சரியென்று தெரிந்த ஒன்றைக் காயிலின் பாயிண்ட் முனைக்கும் எர்த்துக்கும் இடையே வெளியிலேயே பொருத்தி ஓட்டிப் பார்க்கலாம். காயிலின் முதல் சுற்று மல்டிமீட்டரில் சுமார் 3 ஓம் காட்ட வேண்டும். பாலாஸ்ட் ரெசிஸ்டரோடு (மின்னோட்டத்தைக் குறைக்கும் மின்தடை) பயன்படுத்த வேண்டிய 1.5 ஓம் காயிலை, அந்த ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் பொருத்தினால் பாயிண்டும் காயிலும் சேர்ந்து எரியும். ‘12 வோல்ட்’ என்ற எழுத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

பிளக் இடைவெளி 0.64 மி.மீ. அளவில் இருக்கட்டும். சிலிண்டர்களின் வெடிப்பு வரிசை 1-3-4-2, ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஒயர்களைக் கழற்றும் முன் எண்ணிட்டுக்கொள்வது நல்லது.

பொறி இருந்தும் வண்டி ஓடாவிட்டால்

இப்போதுதான் பெட்ரோலின் முறை. முதலில் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அடுத்து, கார்ப்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரை இயக்கினால் பெட்ரோல் துடித்துத் துடித்துப் பீய்ச்ச வேண்டும். இந்தச் சோதனையின்போது காயிலின் ஒயரைக் கழற்றி வைப்பதும், சூடான எஞ்சினில் ஒரு துளியும் சிந்தாமல் பார்ப்பதும் கட்டாயம்.

இந்த எஞ்சினில் உறிஞ்சும் மேனிஃபோல்டும் புகை மேனிஃபோல்டும் (கலவையை உள்ளேயும் புகையை வெளியேயும் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதிகள்) ஒரே பக்கம் இருப்பதால், கார்ப்பரேட்டர் எப்போதும் அடுப்பின் மேல் வைத்த பாத்திரம் போலச் சூட்டை வாங்குகிறது. ஆகவே வேப்பர் லாக் என்பது உண்மையிலேயே வரக்கூடியதுதான். பம்பின் மேலும் பெட்ரோல் குழாயின் மேலும் ஈரத்துணி போட்டதும் சில நிமிடங்களில் கிளம்பினால், சூட்டிலும் பொறி தடிப்பாக இருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால், அப்போது அந்தப் பெயரைச் சொல்லலாம். குழாயை மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டுவதும், கார்ப்பரேட்டருக்கு அடியிலுள்ள வெப்பத் தடுப்புக் கட்டை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் நிரந்தரமான தீர்வுகள்.

2023ஆம் ஆண்டு முதல் பரவலாகி வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃபிரமையும் இளக்கும், கலவையையும் சற்று மெலிதாக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டி ஐடிலிங்கில் தயங்கினால் டேங்கின் அடியில் நீர் இருக்கிறதா என்று வடித்துப் பார்க்க வேண்டும். எத்தனாலைத் தாங்கும் குழாய்க்கு மாறுவது வீண்செலவு அன்று.

காற்றுக் கசிவுக்கு, ஓடும் எஞ்சினின் மேனிஃபோல்டு இணைப்புகளில் தண்ணீரை மெல்லிய தூவலாகத் தெளித்துப் பார்க்கலாம். எஞ்சின் ஒலி மாறும் இடத்தில் கசிவு இருக்கிறது. சூடான புகைக் குழாய்க்கு மேல் பெட்ரோலையோ கார்ப்பரேட்டர் கிளீனரையோ இதற்காகத் தெளிப்பது ஆபத்து.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், காயில் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது கெட்டது என்று தெரியாமலே போகும். அதோடு, இன்று கிடைக்கும் புதிய கண்டன்சர்களிலும் ரோட்டார்களிலும் தரம் குறைந்தவை கலந்திருப்பதால், ஒரு கோளாறை நீக்கி இன்னொன்றை ஏற்றிவிடும் வாய்ப்பும் உண்டு. புதியதைப் போட்டு நன்றாக ஓடிய பிறகு, கழற்றிய பழைய பாகங்களில் வேலை செய்தவற்றைத் தூக்கி எறியாமல், டெஸ்ட் லேம்ப், ஃபீலர் கேஜ், உபரி பிளக் ஆகியவற்றோடு ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்திருங்கள்.