திராட்சைச் சாற்றின் கரிம அமிலங்களை ஹெச்பிஎல்சி கருவியில் அளவிடுதல்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையானாலும் வேறு வகையானாலும், சாற்றின் புளிப்புக்கு முதன்மைக் காரணம் டார்டாரிக், மாலிக் ஆகிய இரு அமிலங்களே. சிட்ரிக் அமிலம் சிறிதளவே இருக்கும். காரத்தைக் கொண்டு தரம்பார்த்தால் (டைட்ரேஷன்) மொத்த அமிலத்தன்மை மட்டுமே தெரியும் என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிய உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை (ஹெச்பிஎல்சி) தேவைப்படுகிறது.

பிழை பெரும்பாலும் கருவியில் அன்று, மாதிரியில்தான் நுழைகிறது. குளிரில் வைத்த சாற்றில் டார்டாரிக் அமிலத்தின் ஒரு பகுதி பொட்டாசியம் ஹைட்ரஜன் டார்டரேட்டாக மாறி, புட்டியின் அடியில் மணல்போன்ற படிகங்களாகத் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தால், கருவி எத்தனை துல்லியமாக இயங்கினாலும் விடை குறைவாகவே வரும். ஆகவே புட்டியை மூடியபடியே வெந்நீர்த் தொட்டியில் வைத்து அவ்வப்போது குலுக்கி, படிகங்கள் முற்றிலும் கரைந்ததைக் கண்ணால் பார்த்த பின்னரே, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மாதிரியை எடுத்து, தூய நீரால் பத்து மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். எடுக்கும் சாற்றை எடைபோட்டு, அதன் அடர்த்தியைக் கொண்டு கன அளவாக மாற்றிக்கொண்டால், வெப்பத்தால் சாறு விரிவது கணக்கைப் பாதிக்காது.

அடர்நிறச் சாறானால், மெத்தனாலாலும் பின்னர் நீராலும் நனைத்த சி18 (18 கார்பன் சங்கிலிகள் பிணைந்த சிலிக்கா நிரப்பிய) வடிகுழலின் வழியே செலுத்துங்கள். நிறமிகள் அதில் தங்கிவிடும், அமிலங்கள் கடந்து வரும். பிறகு 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டவும்.

பிரிகைக்கு, முழுவதும் நீராலான கரைசலைத் தாங்கும் சி18 குழாயும், பாஸ்பாரிக் அமிலத்தால் பிஹெச் 2.5க்குக் கொண்டுவந்த 20 மில்லிமோலார் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலும் போதும். இந்த பிஹெச் அளவில் அமிலங்கள் பெரும்பாலும் அயனியாகாமல் இருப்பதால்தான் குழாயில் தங்கிப் பிரிகின்றன. உணரியை 210 நானோமீட்டரில் வையுங்கள். முதலில் டார்டாரிக், அடுத்து மாலிக், பின்னர் சிட்ரிக் என வெளிவரும். வரைபடத்தில் டார்டாரிக் முகடு, குழாயில் தங்காமல் வருபவை தரும் தொடக்க முகட்டிலிருந்து நன்கு விலகியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். நீர்த்த கந்தக அமிலத்தில் இயங்கும் அயனி விலக்கக் குழாயையும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் பிரக்டோஸ் மாலிக் அமிலத்தை ஒட்டியே வெளிவருவதால், சர்க்கரை மிகுந்த சாற்றுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

லிட்டருக்கு 0.05 முதல் 1 கிராம் வரை ஐந்து திட்டக் கரைசல்களை (அமில அளவு முன்பே தெரிந்தவை) செலுத்தி, ஒவ்வோர் அமிலத்துக்கும் தனி வரைகோடு வரையுங்கள். முகட்டின் பரப்பை மட்டும் கண்டு அளவை முடிவுசெய்யக் கூடாது. ஃபியூமாரிக் அமிலம் மிகச் சிறிதே இருந்தாலும் இந்த அலைநீளத்தில் பெரிய முகட்டைத் தரும். அறிந்த அளவு டார்டாரிக், மாலிக் அமிலங்களை அதே சாற்றில் சேர்த்து மீண்டும் அளந்து, சேர்த்தது முழுமையாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் சரிபார்க்கவும்.

வேலை முடிந்ததும் குழாயை முதலில் நீராலும் அதன் பின்னரே மெத்தனாலாலும் கழுவ வேண்டும். வரிசை மாறினால் பாஸ்பேட் உப்பு உள்ளேயே படிந்துவிடும்.