வேலை போன மறுநாள் ஒரு நோட்டு வாங்குங்கள்

ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பாகங்கள் கம்பெனியில் ஏழு வருஷம் குவாலிட்டியில் இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். "பேப்பர் போட்டுடுங்க சார், ரெக்கார்டும் க்ளீனா இருக்கும், உங்களுக்கும் நல்லது." நாலு மணிக்கெல்லாம் டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வெளியே நின்றேன். கம்பெனி பஸ் ஐந்தரைக்குத்தான்.

அடுத்த வேலை கிடைக்க ஏழு மாசம் ஆனது. அந்த ஏழு மாசத்தில் செய்ததில் பாதியை வரிசை மாற்றிச் செய்தேன். முதல் தடவையாக வேலை இழந்து நிற்பவர்களுக்காக, சரியான வரிசை எது என்று எனக்குப் பின்னால் புரிந்ததை எழுதுகிறேன். ஐ.டி.காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

படி 1: அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்

நான் போட்டேன். பத்து நிமிஷத்தில் போட்டேன். அதனால்தான் இது முதல் படி.

ராஜினாமா செய்வது வேறு, கம்பெனி ஆட்குறைப்பு செய்வது வேறு. சட்டப்படி 'தொழிலாளி' என்ற வகைக்குள் வருபவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். நீங்களே பேப்பர் போட்டால் அந்தப் பேச்சே இல்லை. மேனேஜர், சூப்பர்வைசர் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. ஆனாலும் கேட்டு வாங்க இடம் உண்டு. "வீட்ல கலந்துகிட்டு நாளைக்குச் சொல்றேன் சார். என்ன தர்றீங்கன்னு ஒரு மெயில் போட்டுடுங்க." இதைச் சொல்ல எந்தத் தைரியமும் வேண்டாம், வாய் திறந்தால் போதும். எனக்கு அன்று வாய் திறக்கவில்லை.

படி 2: லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன் காகிதங்கள்

மெயில் ஐ.டி. போய்விட்டால் பே ஸ்லிப் எடுப்பதற்குக்கூட ஹெச்.ஆர். காலில் விழ வேண்டியிருக்கும். ஆஃபர் லெட்டர், கடைசி ஆறு மாத பே ஸ்லிப், இன்க்ரிமென்ட் லெட்டர்கள், ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று), யு.ஏ.என். எண் (உங்கள் பி.எஃப். எண்) எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு எடுத்துவிடுங்கள். கம்பெனியின் டிராயிங், கஸ்டமர் டேட்டா எதையும் தொடாதீர்கள். அது வேறு வம்பு. ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த கம்பெனியின் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் அந்த ஒற்றைத் தாளில்தான் தொங்கும்.

கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, மறக்க வேண்டாம். ஐந்து வருஷம் முடித்திருந்தால் உண்டு. நாலு வருஷமும் ஐந்தாம் வருஷத்தில் 240 நாளும் ஆகியிருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணக்கு இதுதான்: கடைசி பேசிக் பிளஸ் டி.ஏ., அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்குங்கள். பேசிக் 22,000, ஏழு வருஷம் என்றால் சுமார் 88,800 ரூபாய்.

பாக்கிச் சம்பளத்தை வேலை முடிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஹெச்.ஆரில் கேட்டால் "எஃப் அண்ட் எஃப் 45 நாள் சார்" (கணக்கு முடித்துத் தர அவ்வளவு நாள்) என்பார்கள். சட்டத்தை மெயிலில் மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள், சண்டை வேண்டாம். அந்த ரிலீவிங் லெட்டர் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது.

படி 3: எத்தனை மாசம் தாங்கும்?

எங்கள் வீட்டுக் கணக்கு: வாடகை 11,000. மளிகை, பால், காய், கேஸ் 9,500. பைக் இ.எம்.ஐ. 3,700. பள்ளி வேன் 1,800. கரன்ட், போன், நெட் 2,000. அம்மா மருந்து 2,000. மொத்தம் 30,000. கையில் 1,95,000. ஆறரை மாசம். இந்த ஒற்றை எண் தெரியாதவரை ராத்திரி தூக்கம் வராது. தெரிந்த பிறகும் முழுசாக வராதுதான், ஆனால் பயத்துக்கு ஒரு அளவு வந்துவிடும்.

கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள். மீதிக்கு மாசம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். புதிதாக வாங்குகிற பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். தவிர்க்கவே முடியாத நிலை என்றால் பேங்கில் நகைக் கடன் எவ்வளவோ மேல்.

பி.எஃப். பணத்தில் கை வைப்பது கடைசி. ஐந்து வருஷத் தொடர் சர்வீஸ் இல்லாமல் எடுத்தால் வரி வரலாம். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், பென்ஷனுக்குத் தேவையான 10 வருஷக் கணக்கு அழிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எடுக்கும் விதிகளை மாற்ற 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் அறங்காவலர் குழு முடிவெடுத்தது; அதனால் பழைய யூடியூப் வீடியோவை நம்பாமல், க்ளெய்ம் போடும் நாளில் தளத்தில் இருக்கும் விதியைப் படியுங்கள். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: கம்பெனி 'டேட் ஆஃப் எக்ஸிட்' (வேலையை விட்ட தேதி) போடாமல் விட்டிருக்கும். கடைசிப் பங்களிப்பு கட்டி இரண்டு மாசம் ஆனதும் பி.எஃப். தளத்தின் 'மேனேஜ்' மெனுவில் 'மார்க் எக்ஸிட்' போய் ஆதார் ஓ.டி.பி.யோடு நீங்களே போட்டுவிடலாம்.

குரூப் இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும். அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் சொந்த பாலிசியாக மாற்றித் தரக் கேட்கலாம். ஆனால் பழையது முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் இருந்தவர்களுக்கு, வேலை இல்லாத காலத்தில் சராசரி ஊதியத்தில் 50 சதவீதத்தை 90 நாள் வரை தரும் அடல் திட்டம் ஒன்று 2018-ல் தொடங்கியது. அதை அவ்வப்போது நீட்டிக்கிறார்கள். கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

படி 4: நோட்டு

பூந்தமல்லி டிரங்க் ரோடு ஸ்டேஷனரிக் கடையில் கோடு போட்ட 200 பக்க நோட்டு வாங்கினேன். எக்செல்லில் போடலாமே என்று கேட்பீர்கள். ஏழு வருஷம் எக்செல்லோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்: வேலை இல்லாதபோது கம்ப்யூட்டரைத் திறந்தால் ஷீட்டுக்குப் போவதற்கு முன் வேறு எங்காவது போய்விடுவீர்கள்.

ஒரு நாளைக்கு ஆறு வரி போதும். என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

12-ஆம் நாள், சனி.
அனுப்பியது: 3 (ஸ்ரீபெரும்புதூர் 2, ஓசூர் 1).
அழைப்பு: 1. சம்பளம் கேட்டு வைத்துவிட்டார்.
பேசியது: பழைய காஸ்டிங் சப்ளையர். திங்கள் கூப்பிடச் சொன்னார்.
செலவு: 140.
மற்றது: அடுப்பு பர்னர் கழற்றிச் சுத்தம்.

அந்தக் கடைசி வரியைச் சிரிக்காமல் எழுதுங்கள். சில நாள் அது ஒன்றுதான் இருக்கும்.

நாற்பது நாள் ஆனபோது, "நூறு கம்பெனிக்குப் போட்டாச்சு, ஒருத்தனும் கூப்பிடல" என்று மனைவியிடம் கத்தினேன். அவள் நோட்டை எடுத்து எண்ணினாள். 31. அதிலும் 19, ஞாயிறு ராத்திரி படுத்துக்கொண்டே ஒரே தட்டில் அனுப்பியவை. வந்த நாலு அழைப்புகளில் மூன்று பழக்கமான ஆட்கள் மூலம் வந்தவை. அதாவது, உழைப்பை எல்லாம் பலன் இல்லாத பக்கம் கொட்டிக்கொண்டிருந்தேன். நோட்டு இல்லையென்றால் நூறு என்றே சாதித்திருப்பேன். உலகமே சரியில்லை என்று முடிவும் கட்டியிருப்பேன்.

படி 5: ரெஸ்யூமே

இரண்டு பக்கம், பி.டி.எஃப்., ஃபைல் பெயரில் உங்கள் பெயர். 'ஃபைனல் நியூ 3' வேண்டாம். "சப்ளையர் குவாலிட்டி கையாண்டேன்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. "22 சப்ளையர்கள், வரும் சரக்கில் ரிஜெக்‌ஷன் 2.1 சதவீதத்திலிருந்து 0.8-க்குக் குறைந்தது" என்று எழுதியதும் அதே ஆள் வேறு ஆளாகத் தெரிந்தேன். எண் ஞாபகம் இல்லையா? பழைய அப்ரைசல் படிவத்தில் இருக்கும், அதையும் படி 2-லேயே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

படி 6: தேடும் முறை

நௌக்ரி வேலை தேடும் தளத்தில் கடைசியாக எப்போது வந்தீர்கள் என்பதை வைத்து ரெக்ரூட்டர்கள் வடிகட்டலாம். ஆகவே காலையில் ஒன்பதரைக்குள் உள்ளே போய் ப்ரொஃபைலில் ஒரு வரியாவது மாற்றுங்கள். நோட்டீஸ் பீரியட் கட்டத்தில் உடனே சேரலாம் என்பதைப் போடுங்கள். மற்றவர்கள் 60 நாள், 90 நாள் என்று இழுக்கும்போது 'இமீடியட் ஜாய்னர்' என்பது நம் கையில் இருக்கும் ஒரே துருப்புச் சீட்டு.

அதைவிட முக்கியம் போன். சப்ளையர்கள், கஸ்டமர் பக்கத்து ஆட்கள், முன்பே விலகிப் போன சக ஊழியர்கள் என்று ஒரு பக்கம் நிறையப் பெயர் எழுதி, நாளைக்கு இரண்டு பேர். "எனக்கு ஒரு வேலை பாருங்க" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் நெளிவார். நான் இப்படிக் கேட்டேன்: "அண்ணே, உங்க பக்கம் குவாலிட்டியில யாராவது ரிலீவ் ஆகுறாங்களா? தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க." அதற்குப் பதில் சொல்வது அவருக்கும் சுலபம்.

"ஏன் சார் விட்டீங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இரண்டு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: "எங்க லைன்ல ஆர்டர் குறைஞ்சுது, டீம்ல ஆறு பேரைக் குறைச்சாங்க, அதுல நானும். இப்ப உடனே சேரலாம்." அத்தோடு நிறுத்துங்கள். ஒரு இன்டர்வியூவில் நான் பழைய மேனேஜரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். எதிரில் இருந்தவர் பேனா மூடியைப் போட்டதைப் பார்த்த பிறகும் பேசினேன்.

அரசுப் பக்கம்: மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் பதிவைப் புதுப்பித்து வையுங்கள். அங்கே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு உண்டு. வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம் தேதியும் அங்கேயே தெரியும். உதவித்தொகையை நம்பி உட்காராதீர்கள்: பட்டதாரிக்கு மாசம் 600 ரூபாய், அதுவும் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த பிறகு, பொறியியல் போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்குக் கிடையாது.

படி 7: பணம் கேட்டால் அது வேலை இல்லை

ரெஜிஸ்ட்ரேஷன், டிரெயினிங், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும். எனக்கே 1,800 கேட்டு ஒரு அழகான ஆஃபர் லெட்டர் வந்தது. கம்பெனி லோகோ சரியாக இருந்தது, அனுப்பியது ஜிமெயில். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதமாக ஆகப் பணம் கை மாறிப் போய்விடும். 2022-ல் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன தமிழ்ப் பையன்களை மியான்மரில் மியாவதி பக்கம் அடைத்து வைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

படி 8: வீடு

மனைவியிடம் அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன். அம்மாவிடம் மறைத்தேன். மூன்றாம் நாள் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, ரெண்டு நாளா டிபன் பாக்ஸ் கழுவ வரலையே?" சொன்னேன். "சரி, கைய கழுவிட்டு வா, தோசை ஆறுது" என்றார். மூன்று நாள் நான் ஒத்திகை பார்த்த வசனம் எதற்கும் வேலை வரவில்லை.

மதியம் இரண்டிலிருந்து நாலு வரைதான் கொடுமை. அந்த நேரத்தில் வீட்டில் இருக்காதீர்கள். கிளை நூலகம் போதும். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே உண்டு, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். கல்யாணம் காதுகுத்துக்குப் போவது உங்கள் இஷ்டம். நான் பாதிக்குப் போகவில்லை, வருத்தமும் இல்லை. தூக்கமே போய், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் 14416. டெலி மனஸ், இலவசம், தமிழில் பேசலாம்.

படி 9: ஆஃபர் வந்தபின்

சி.டி.சி.யை (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்த வருஷச் செலவை) பார்த்து மயங்காமல், மாசம் கைக்கு எவ்வளவு வரும் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள். வருஷ நடுவில் வேலை போயிருந்தால் பிடித்த வரி அதிகமாக இருக்கலாம். ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும்.

211-ஆம் நாள் ஆஃபர் லெட்டர் வந்தது. நோட்டின் பின்பக்கப் பட்டியலில், உதவி செய்தவர்கள் என்று நான் டிக் போட்டிருந்த 11 பேருக்கும் போன் செய்து சொன்னேன். அந்த காஸ்டிங் சப்ளையர், "சந்தோஷம் தம்பி. என் மச்சான் பையன் ஒருத்தன் இருக்கான், ரெஸ்யூமே அனுப்பச் சொல்றேன், பாருங்க" என்றார். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்தது. பி.டி.எஃப். இல்லை. பெட்ஷீட் மேல் தாளை வைத்து எடுத்த போட்டோ. ஓரத்தில் கட்டைவிரல் தெரிகிறது.